தோன்றா எழுவாய்

1985-ல் நான் போட்ட ஒரு தலைப்பு இன்றைக்கும் எழுத்துப் பிசகாமல் நினைவில் இருக்கிறது. 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு.' சிங்கிள் காலம், இரண்டு வரி, ஐந்தாம் பக்கத்தின் இடது ஓரம். அதற்குக் கீழே ஒரு பல்பொடி விளம்பரம் இருந்தது.

திருநெல்வேலியில் ஒரு நாளிதழில் உதவி ஆசிரியராகச் சேர்ந்து எனக்கு அப்போது மூன்று வருஷம். இரவு எட்டு மணிக்கு மேல்தான் எங்கள் மேஜை சூடு பிடிக்கும். அம்பாசமுத்திரம், சங்கரன்கோவில், தென்காசி என்று ஊர் ஊராக நிருபர்கள் டிரங்க் காலில் கத்துவார்கள். காதுக்கும் தோளுக்கும் நடுவே ரிசீவரை இடுக்கிக்கொண்டு நியூஸ்பிரிண்ட் துண்டில் எழுதுவோம். அன்றைக்கு வந்த செய்தி நாலு வரிதான். சமையல் செய்துகொண்டிருந்தபோது எதிர்பாராத விதமாக ஸ்டவ் வெடித்து, சேலையில் தீப்பிடித்து, ஆஸ்பத்திரியில் சிகிச்சை பலனின்றி இறந்தார். வயது 19. திருமணமாகி எட்டு மாதம். போலீசார் விசாரித்து வருகிறார்கள்.

அந்த நாலு வரியை அந்தக் காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவையாவது எழுதியிருப்பேன். ஊரும் வயதும் மட்டும் மாறும். 'எதிர்பாராத விதமாக' மாறாது. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்ததே இல்லை. ஸ்டேஷனில் எழுதியதை நிருபர் படித்துச் சொன்னார், நான் எழுதிக்கொண்டேன்.

தலைப்பு போடுவதில் எனக்கு அப்போது பெரிய கவலை இடம்தான். ஒற்றைக் காலத்தில், நாங்கள் வைத்த அளவில், ஒரு வரிக்கு எட்டு ஒன்பது எழுத்துக்கு மேல் கொள்ளாது. அரசாங்கம் 1978-லேயே எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டிருந்தது. எங்கள் அச்சுக்கூடத்துப் பெட்டிகளில் பழைய ஈய எழுத்துகளே இருந்தன. 'லை' என்றால் துதிக்கை தூக்கிய பழைய 'லை'. 'கொலை' என்று கோக்கும்போது அந்தத் துதிக்கை மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். நாள்பட்ட எழுத்தில் அது முறிந்தும் போயிருக்கும். கம்பாசிடர் எழுத்துக் கோக்கிற ஸ்டிக்கை என் பக்கம் திருப்பி, "சார், இடிக்குது" என்பார். ஒரு சொல்லைக் குறைக்க வேண்டும். எதைக் குறைப்பது?

முதலில் போவது வேற்றுமை உருபு. 'மனைவியை' என்பதில் 'ஐ' போகும். அடுத்து வினைமுற்று போகும். 'கொல்லப்பட்டார்' என்பது 'கொலை' ஆகும், 'கைது செய்யப்பட்டார்' என்பது 'கைது' ஆகும். மூன்றாவதாகப் போவது எழுவாய். போனது தெரியவே தெரியாது. 'வந்தேன்' என்றால் நான் வந்தேன் என்று விளங்கிவிடுகிறதே, அந்த 'நான்' தோன்றா எழுவாய் என்று எட்டாம் வகுப்பில் தமிழய்யா நடத்தினார். வினைமுற்றின் விகுதியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் எழுவாய் வெளியே நிற்க வேண்டியதில்லை என்றார். பத்திரிகைத் தலைப்பில் விகுதியும் இல்லை. 'வாலிபர் வெட்டிக் கொலை' என்றால் வெட்டியது யார்? அந்த இடம் காலி. செய்தி உள்ளே கிடக்கும் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். டீக்கடை பெஞ்சில் பாதிப் பேர் தலைப்போடு நிறுத்திவிடுவார்கள்; கடைவாசலில் தொங்குகிற போஸ்டரோடு நிறுத்துகிறவர்கள் அதைவிட அதிகம்.

அந்தத் தலைப்பு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம் ஒருவர் வந்தார். அறுபது வயதிருக்கும். வெள்ளைத் துண்டு, செருப்பில்லாத கால், கையில் மடித்த எங்கள் பேப்பர். வாசலில் இருந்த பையன் அவரை என் மேஜைக்கு அனுப்பிவிட்டான்.

"ஐயா, இது நீங்க போட்டதுதான?"

பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். அவர் விரல் வைத்திருந்தது பல்பொடி விளம்பரத்தின் மேல். அதற்கு மேலே இருந்ததை நான் பார்த்துக்கொண்டேன்.

"ஆமாய்யா. சொல்லுங்க."

"ஸ்டவ்வு வெடிச்சு செத்துப்போனான்னு போட்டிருக்கியளாம். ஊர்ல வாசிச்சுச் சொன்னாவ. அந்த வீட்ல ஸ்டவ்வே கெடையாதேய்யா. விறகடுப்புல்லா. கார்த்திகைக்கு நான் போயிருந்தப்போகூட எம்மவ ஊதுகுழல வச்சு ஊதிக்கிட்டுதான் இருந்தா. கண்ணெல்லாம் செவந்து போயி." கொஞ்சம் நிறுத்தினார். "விறகடுப்பு எப்பிடிய்யா வெடிக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. எங்கள் செய்தி ஆசிரியர் இரண்டு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எழுந்து வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெரியவரை உட்கார வைத்தார். காப்பி வாங்கிவரச் சொன்னார். நகை எத்தனை பவுன் பேசினார்கள், எவ்வளவு பாக்கி, பொங்கல் சீர் கொண்டுபோனபோது என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு அவரே எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீ அந்த ஸ்டவ்வப் பாத்தியாலே?"

"இல்ல அண்ணாச்சி."

"நிருபர் பாத்தானா?"

"போலீஸ்ல அப்பிடி..."

"அப்பம் போலீஸ் சொன்னாவன்னுல்லா இருக்கணும். நீ வெடிச்சதப் பாத்தவன் மாதிரி எழுதியிருக்க."

அவர் திட்டவில்லை. குரலும் உயரவில்லை. அடுத்த நாள் பேப்பருக்கு அவரே ஒரு தலைப்பு எழுதினார். 'அந்த வீட்டில் ஸ்டவ் கிடையாது: இறந்த பெண்ணின் தந்தை புகார்.' டபுள் காலம். பக்கம் முடிந்துவிட்டது என்று ஃபோர்மேன் சத்தம் போட்டார். அண்ணாச்சி ஒரு சினிமா விளம்பரத்துக்குப் பக்கத்திலிருந்த செய்தியைப் பிடுங்கிவிட்டு இதை வைத்தார்.

பெரியவருக்குக் கடைசி பஸ் போய்விட்டது. வாசல் திண்ணையில் பழைய பேப்பர் கட்டுகள் மேலே தலை சாய்த்துப் படுத்திருந்தார். பின்னிரவில் மெஷின் ஓடத் தொடங்கியதும் சத்தம் கேட்டு எழுந்து வந்தார். மை காயாத முதல் பிரதி ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என்னிடமே திருப்பி நீட்டினார்.

"வாசிங்கய்யா."

வாசித்தேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். பிறகு தலைப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு, "தந்தைன்னா நான்தான?" என்றார்.

"நீங்கதான்யா."

கையை எடுத்தபோது விரலில் மை ஒட்டியிருந்தது. அதைத் துண்டில் துடைக்காமலே பேப்பரை மடித்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்குப் போனார்.

வருவாய்க் கோட்டாட்சியரின் (ஆர்.டி.ஓ.) விசாரணை நடந்தது. கணவரும் அவருடைய தாயாரும் கைதானார்கள். கணவர் வீட்டுக் கொடுமைக்கான 498ஏ பிரிவு சட்டத்தில் சேர்ந்து அப்போது இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வரதட்சணைச் சாவு என்று பெயர் சொல்லித் தண்டிக்கிற 304பி பிரிவு அந்தப் பெண் இறந்ததற்கு அடுத்த வருஷம், 1986-ல்தான் வந்தது. வழக்கு ஏழு வருஷம் இழுத்தது. முடிவில் சந்தேகத்தின் பலன் அவர்களுக்குப் போயிற்று. அந்தத் தலைப்பையும் நான்தான் போட்டேன்: 'இளம்பெண் சாவு வழக்கில் இருவர் விடுதலை.' பெரியவர் அதன் பிறகு அலுவலகத்துக்கு வரவில்லை.

அந்த இரவுக்குப் பிறகு பள்ளிக்கூடத்து இலக்கணப் புத்தகத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். 'புலி கொன்ற யானை' என்று தொல்காப்பிய உரைகாரர்கள் காட்டுகிற எடுத்துக்காட்டு அதில் இருந்தது. புலியைக் கொன்ற யானையா, புலியால் கொல்லப்பட்ட யானையா? இரண்டுக்கும் இடம் உண்டு. தடுமாறு தொழிற்பெயர் என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கொன்றவர் யார், செத்தவர் யார் என்பது ஓர் உருபு விழுந்தால் மாறிப்போகும் என்பதை ஈராயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே கவலையோடு யோசித்த மொழி இது. பரீட்சைக்காக அதை மனப்பாடம் செய்து, வேலைக்கு வந்த பிறகு தினமும் ஸ்டிக்கில் இடிக்கிறது என்று அந்த உருபைத்தான் முதலில் தூக்கி எறிந்துகொண்டிருந்தேன்.

என் தலைப்பில் இன்னொரு கோளாறும் இருந்தது. 'வெடித்து' என்கிற வினையெச்சம். 'மழை பெய்து குளம் நிறைந்தது' என்றால் மழைதான் குளத்தை நிறைத்தது என்று எல்லோரும் கொள்வார்கள். இரண்டு காரியத்தை அடுத்தடுத்து வைக்கிற வேலை மட்டுமே வினையெச்சத்துக்கு என்று நினைத்தால் தப்பு. முன்னதைப் பின்னதற்குக் காரணமாக்கி முடிச்சுப் போட்டுவிடுகிறது அது. 'இளம்பெண் தீயில் கருகிச் சாவு' என்று போட்டிருந்தால் தீ மட்டும்தான் அதில் இருந்திருக்கும்; தீ வைத்தது யார் என்ற கேள்விக்குக் கதவு திறந்தே இருந்திருக்கும். 'ஸ்டவ் வெடித்து' என்றதும் குற்றவாளி கிடைத்துவிட்டது. பித்தளையில் செய்தது, மண்ணெண்ணெய் ஊற்றினால் எரிவது, கோர்ட்டுக்கு வராதது. அந்த வருஷங்களில் தமிழ்ப் பத்திரிகைகள் அத்தனையிலும் எத்தனை ஸ்டவ்கள் வெடித்தன என்று கணக்கெடுத்தால், அந்த அடுப்பைச் செய்தவர்கள் எல்லோரும் தொழிலை மூடிவிட்டுப் போயிருக்க வேண்டும். யாரும் மூடவில்லை. மாமியார்கள் சமைத்தபோது அவை அவ்வளவாக வெடித்ததாகவும் நான் செய்தி எழுதியதில்லை.

அண்ணாச்சியிடம் நான் கற்ற பாடங்களில் பாதி விகுதிப் பாடம். அந்தக் காலத்தில் எங்கள் பத்திரிகையில் எம்.எல்.ஏ. 'கூறினார்'. மில் முதலாளி 'வந்தார்'. ரிக்‌ஷா ஓட்டுகிறவர் 'வந்தான்'. லாரியில் அடிபட்ட விவசாயக் கூலி 'இறந்தான்'. திருட்டு வழக்கில் பிடிபட்டவர், பிடிபட்ட நிமிஷத்தில் ஆர் விகுதியை இழந்துவிடுவார். கையாடல் வழக்கில் பிடிபட்ட மேனேஜர் இழக்க மாட்டார். யாரும் இப்படிச் சட்டம் எழுதி வைக்கவில்லை. பேனா தானாகவே அப்படி ஓடியது. ஒரு நாள் அண்ணாச்சி என் காப்பியில் ஏழு 'ஆன்'களையும் அடித்துவிட்டு 'ஆர்' போட்டார். "கூலிக்காரர்னு எழுதுனா கூலி கூடிருமோன்னு பயமாலே?" என்று கேட்டார். பிணவறையில் கிடக்கிறவருக்கு இந்த ஒரு எழுத்தைத் தவிர நாம் கொடுக்கக்கூடியது வேறொன்றும் இல்லை என்று அவர் ஒரு தடவை சொன்னதை நான் மறக்கவே இல்லை.

தமிழ்ப் பத்திரிகையை ரிக்‌ஷாக்காரர் கையில் கொண்டு சேர்த்தவர் சி.பா. ஆதித்தனார். 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியவர். பேசுகிற தமிழில் எழுது, சின்னச் சொல்லாக எழுது என்று இதழாளர்களுக்குக் கையேடே எழுதினார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் விளங்குகிற தலைப்பு என்பது இந்த நாட்டில் சின்ன விஷயமில்லை. அந்தச் சாதனைக்கு நான் எப்போதும் தலைவணங்குவேன். ஆனால் சின்னச் சொல்லுக்கு ஒரு குணம் உண்டு. அது வேகமாக ஓடும். ஓடுகிற வேகத்தில் யாரையாவது இறக்கிவிட்டுவிட்டுப் போகும். 'பலி' அப்படிப்பட்ட சொல். இரண்டே எழுத்து, எந்தக் காலத்திலும் அடங்கும். 'பஸ் கவிழ்ந்து 9 பேர் பலி.' பலி என்றால் தெய்வத்துக்குக் கொடுப்பது. கொடுக்கிறவர் ஒருவர் இருக்க வேண்டும், வாங்கிக்கொள்கிற தெய்வம் ஒன்று இருக்க வேண்டும். பிரேக் பிடிக்காத பஸ்ஸை ரோட்டில் விட்டவருக்கு அந்தச் சொல்லில் இடமே இல்லை. எல்லாம் விதி என்று பெருமூச்சு விட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடலாம்.

'மோதல்' இன்னும் மோசம். மோத வேண்டுமானால் இரண்டு பேர் வேண்டும், இருவரும் ஏறக்குறைய சமபலத்தோடு வர வேண்டும். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைபட்டு 44 பேர் எரிந்துபோனார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். கூடுதல் கூலி கேட்ட தலித் விவசாயக் கூலிகளின் குடும்பங்கள் அவை. அதைப் போன்ற ஒன்றை 'இரு தரப்பினர் மோதல்' என்கிற சட்டகத்துக்குள் வைத்தால், பூட்டிய குடிசைக்குள் இருந்த குழந்தையும் ஒரு தரப்பாகிவிடுகிறது. அதற்குப் பிறகு தென்மாவட்டங்களில் எத்தனையோ சேரிகள் கொளுத்தப்பட்டபோது, எரித்தவர்களையும் எரிந்தவர்களையும் அந்த ஒரு சொல்லால் சமமாக்கிய தலைப்புகளை நானும் போட்டிருக்கிறேன். கலவரம் பரவிவிடக் கூடாது என்று சாதிப் பெயரைத் தவிர்த்தோம். அந்தப் பயம் உண்மையானது. ஆனாலும் தாக்கியவர்கள், தாக்கப்பட்டவர்கள் என்று எழுதியிருக்கலாம். அதற்கு எந்தச் சாதிப் பெயரும் தேவையில்லை. 'படு' என்கிற ஒரு துணைவினை போதும்.

2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லித் திரண்டவர்கள் மேல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். நான் அப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்து ஆறு பேப்பர்களை விரித்து வைத்துத் தலைப்புகளை மட்டும் படித்தேன். 'துப்பாக்கிச் சூட்டில்' என்று ஏழாம் வேற்றுமையில் முடிந்தவை இருந்தன. அதில் இடம் இருக்கிறது, ஆள் இல்லை. வெயிலில் செத்தார்கள், வெள்ளத்தில் செத்தார்கள் என்பது மாதிரி. 'போலீஸ் சுட்டதில்' என்று எழுதியவை இருந்தன. இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றுதான், இரண்டும் பொய் இல்லை. இரண்டாவதைப் படித்தவர் மட்டும், சுட உத்தரவிட்டது யார் என்று அடுத்த வரியைத் தேடியிருப்பார்.

இந்த நாற்பது வருஷத்தில் நல்லது நடக்கவில்லை என்று சொன்னால் அது அநியாயம். 'கற்பழிப்பு' என்கிற சொல்லை நான் எத்தனை தலைப்பில் கோத்திருப்பேன்! கற்பு என்று ஒன்றை அந்தப் பெண்ணின் தலையில் வைத்து, அது அழிந்துவிட்டது என்று எட்டு காலத்தில் ஊருக்குச் சொன்னோம். செய்தவரின் குற்றத்தை அவள் இழப்பாக மாற்றிய சொல். பெண்ணியவாதிகள் பல வருஷம் சண்டை போட்டுத்தான் அது 'பாலியல் வன்கொடுமை' ஆயிற்று. 'வன்கொடுமை' என்றால் செய்தவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். லாட்ஜில் பிடிபட்ட பெண்களை 'அழகிகள்' என்று போட்டோம். வறுமையில் வந்த பெண்ணுக்கு அந்தச் சொல்லால் செய்த அவமானத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. வாயில் வைக்க முடியாத பெயர்களால் அழைக்கப்பட்டவர்கள் 'திருநங்கை' ஆனார்கள். அவர்களுக்காக 2008-ல் தமிழ்நாட்டில் நலவாரியம் வந்தபோது அந்தச் செய்திக்குத் தலைப்பெழுதிய மேஜையில் நானும் இருந்தேன். சொல் மாறினால் வாழ்க்கை மாறிவிடுமா என்று அன்று ஒரு நண்பர் கேட்டார். மறுநாள் காலை ஒரு திருநங்கை போன் செய்து, 'திருநங்கை' என்று எழுத்துப்பிழை விடாமல் போட்டதற்கு நன்றி என்றார். நண்பருக்கு அதைச் சொன்னேன்.

சரி, இப்போது.

இரண்டு வருஷமாக, வாரத்தில் மூன்று நாள், ஒரு நாளிதழின் இணையப் பிரிவுக்கு மொழி பார்த்துக் கொடுக்கிறேன். ஈய எழுத்து இல்லை, ஸ்டிக் இல்லை, இடிப்பதும் இல்லை. தலைப்புக்கு எவ்வளவு நீளமும் போகலாம். இடம் இல்லாமல்தானே எழுவாயை விட்டோம், இடம் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு போனேன்.

முதல் வாரத்திலேயே வந்தது அது. 'திருமணமான மூன்றே மாதத்தில் இளம்பெண் எடுத்த விபரீத முடிவு... அதிர்ச்சியில் உறவினர்கள்!'

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் தலைப்பில் எழுவாய் இருக்கிறது. 'எடுத்த' என்கிற பெயரெச்சத்துக்கு ஆள் இருக்கிறது: அந்த இளம்பெண்தான். முடிவு எடுத்தவர் அவர். அன்றைக்கு எல்லாப் பழியையும் ஸ்டவ் வாங்கிக்கொண்டது. இன்றைக்கு ஸ்டவ் எந்த வீட்டிலும் இல்லை, பழியைச் செத்துப்போனவரே வாங்கிக்கொள்கிறார். 'உறவினர்கள்' அதிர்ச்சியில் இருக்கிறார்கள். எந்த உறவினர்கள்? பெற்றவர்களா, கணவர் வீட்டாரா? மூன்று மாதமாக அவரிடம் காரும் பணமும் கேட்டவர்கள் யாராவது இருந்தால், அவர்களும் அந்த ஒரு சொல்லுக்குள் நுழைந்து அழுதுகொண்டு நிற்கலாம்.

'விபரீத முடிவு' என்று போடுவதற்கு ஒரு காரணமும் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட சாவுகளை எப்படி எழுத வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலை ஒட்டி இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் 2019-ல் நெறிமுறை கொடுத்தது. பரபரப்பாக எழுதாதே, எப்படிச் செய்தார் என்று விவரிக்காதே, தலைப்பில் கவனமாக இரு, உதவி எண்ணைப் போடு என்கிறது அது. படிக்கிறவர்களில் ஏற்கெனவே மனம் உடைந்திருப்பவருக்குக் கெடுதல் வந்துவிடக் கூடாது என்பதற்காக எழுதியது. அருமையான நெறிமுறை. எங்கள் மேஜைகளில் அதற்குக் கிடைத்த அர்த்தம், 'தற்கொலை' என்கிற ஒரு சொல்லை மட்டும் எடுத்துவிட்டு 'விபரீத முடிவு' என்று போடுவது. கீழே கட்டம் கட்டி 104-க்கு அழையுங்கள் என்று ஒரு வரி. மேலே ஆச்சரியக்குறி.

பழைய தலைப்பில் இடத்துக்காக மறைத்தோம். இப்போது மறைப்பதே தொழில். 'பிரபல நடிகர் காலமானார்' என்று போட்டுவிட்டு எந்த நடிகர் என்பதைச் சொல்லாமல் வைத்திருந்து, உள்ளே வந்தால்தான் பெயர். எங்கள் நாளில் பெயரில்லாத மரணச் செய்தியைக் கொண்டுபோனால் அண்ணாச்சி காப்பியைக் கிழித்திருப்பார். 'ஆ' என்கிற வினா எழுத்து படாதபாடு படுகிறது. 'அமைச்சர் ராஜினாமாவா?' என்று கேட்டால் பொய் சொன்னதாக யாரும் வழக்குப் போட முடியாது. 'மாமியார் செய்த காரியம்', 'டிரைவர் செய்த செயல்' என்று பெயரெச்சம் வாசலிலேயே நிற்கிறது. முடிக்கிற பெயர்ச்சொல்லில் ஒன்றுமே இல்லை. காரியம், செயல், சம்பவம், முடிவு. நாலும் வெறும் பாத்திரங்கள்.

அந்த 'விபரீத முடிவு' தலைப்பைப் போட்டவர் இருபத்து நாலு வயதுப் பெண். தூத்துக்குடிக்காரர், முதுகலைத் தமிழ் படித்தவர், என்னைவிட நன்னூல் நன்றாகத் தெரியும். மறுநாள் அவரிடம் பேசினேன். குறை சொல்கிற மாதிரி ஆகிவிடக் கூடாது என்று பயந்து பயந்துதான் ஆரம்பித்தேன்.

"இந்த வாக்கியத்துல எழுவாய் யாரும்மா?"

திரையைப் பார்த்தார். பதில் தெரிந்த முகம். ஆனால் சொல்லவில்லை.

"அவதான் சார்," என்றார் கடைசியில்.

விறகடுப்புக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு செய்தியின் மூலக் காப்பியைத் திறந்தார். போலீஸ் குறிப்புக்குக் கீழே, எட்டாவது பத்தியில், அந்தப் பெண்ணின் தாயார் கொடுத்த புகார் இருந்தது. பத்து பவுன் குறைந்ததற்காக மகளைப் பட்டினி போட்டார்கள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். ஆர்.டி.ஓ. விசாரணைக்கு உத்தரவாகியிருந்தது.

"கணவர் வீட்டார் கொன்னுட்டாங்கன்னு நாம போட முடியாதுல்ல சார்?"

"முடியாது. கோர்ட்டுதான் சொல்லணும். யார் என்ன சொன்னாங்களோ அதப் போடலாம்."

கொஞ்ச நேரம் விரல்களைக் கீபோர்டின் மேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். பிறகு அடித்தார். 'பத்து பவுனுக்காக மகளைப் பட்டினி போட்டார்கள்: தாய் புகார், கணவர் வீட்டாரிடம் ஆர்.டி.ஓ. விசாரணை.' 'மகளைப்' என்பதில் இருந்த ஐகாரத்தையும் ஒற்றையும் பார்த்ததும் எனக்கு அண்ணாச்சியின் பேனா ஞாபகம் வந்தது.

நாட்டில் வரதட்சணைச் சாவு என்று 2022-ல் பதிவானவை மட்டும் 6,000-க்கு மேல். பதிவாகாதவை எந்தத் தலைப்பின் கீழ் கிடக்கின்றனவோ. 304பி இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 80-வது பிரிவாகிவிட்டது. எண்தான் மாறியிருக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் காத்திருக்கிறவர்கள் அதே தகப்பன்மார்தான், தாய்மார்தான்.

மாலை ஆறு மணிக்குள் புதிய தலைப்புக்கு வியூஸ் பாதியாகக் குறைந்துவிட்டதாகப் பக்கத்து மேஜையில் பேசிக்கொண்டார்கள். இரவு ஷிஃப்டில் யாரோ பழையபடி 'விபரீத முடிவு' என்று மாற்றிவிட்டார்கள். நான் வீட்டில் போனில் பார்த்தேன். ஆச்சரியக்குறி இரண்டாகியிருந்தது.

காலை ஆறே காலுக்கு வாட்ஸப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஷிஃப்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் பெண் தலைப்பை மறுபடி மாற்றியிருந்தார். 'தாய் புகார்' என்பதை வாக்கியத்தின் முதலில் கொண்டுவந்து வைத்திருந்தார். கீழே ஒரு வரி: "சார், நைட்டு ஷிஃப்ட் அண்ணன்கிட்டயும் பேசிட்டேன். அவரு தங்கச்சிக்குப் போன மாசம்தான் கல்யாணம் ஆச்சாம்."